உஷாராணியின் டிராக்டரும் மத்தியான வெயிலும்

கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான பந்திங்கில் போய் உஷாராணி எங்கே என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "டிராக்டர் ஓட்டுற அக்கா" என்று கேளுங்கள், மீன் விற்கிறவர்கூட வழி காட்டுவார். ஐம்பதைத் தொடும் வயது. நீளக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, துண்டுக்கு மேலே ஒரு தொப்பி. வேலை நேரத்தில் பேசமாட்டாள். மற்ற நேரத்தில் அவள் வாயில் விழுந்தவன் எழுந்திருக்கமாட்டான்.

அவள் டிராக்டருக்கு வந்தது ஆசைப்பட்டு இல்லை. ஷா ஆலாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அந்தத் தொழிற்சாலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். புருஷன் லோகன் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவன், என் கூட்டாளி. வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், ஒரு தோட்டத்தில் ஓரங்கட்டிப் போட்டிருந்த பழைய சிவப்பு டிராக்டரை அவள் வாங்கிவிட்டாள்.

"ஒரு கார் வாங்கியிருந்தாலும் பரவால்ல," என்று லோகன் கத்தினான்.

"கார்ல செம்பனைக் குலை ஏத்துவியா?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பந்திங்கைச் சுற்றி ஐந்து ஏக்கர், எட்டு ஏக்கர் என்று சின்னச் சின்னச் செம்பனைத் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். வெட்டிப் போட்ட குலைகளை உள்ளேயிருந்து எடை போடும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மண் இளகின மண். ஒரு மழை பெய்தால் லோரி அச்சு வரைக்கும் புதையும். டிராக்டர் போய்வந்துவிடும். அதுதான் உஷாராணியின் பிழைப்பு. குலையை வெட்டிய பிறகு கிடக்கவிடக் கூடாது. கிடந்தால் பழம் கெடும், எண்ணெயின் தரம் இறங்கும், ஆலையில் முகத்தைச் சுளிப்பார்கள்.

இந்த வருஷம் வெயில் காலத்தில் டிராக்டர் கொதிக்க ஆரம்பித்தது. காலையில் ஒரு கோளாறும் இல்லை. உச்சி வெயிலில் பாரத்தை இழுத்தால் சூட்டு முள் சிவப்புக்குப் போய்விடும், முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பும். மர நிழலில் நிறுத்தி ஆறவிட வேண்டியதுதான். அவள் காத்திருந்தால் குலையும் காத்திருக்கும்.

தோட்டக்காரர்களில் பெரிய ஆள் சபாபதி. மற்றவர்கள் அவர் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம் போவார்கள். அவர் உஷாராணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"உன் மேல கோவம் இல்லம்மா. உன் டிராக்டருக்குத் தலைவலின்னு குலைக்குத் தெரியுமா? சனிக்கிழம மத்தியானம் ஒழுங்கா இழுத்துக் காட்டு. இல்லன்னா திங்கக்கிழம லோரிக்காரன் வந்துருவான்."

"லோரி உள்ள போவாதே அங்கிள்."

"இப்பக் காஞ்சு கெடக்கு. போவும் லா."

லோரி ஒரு தடவை உள்ளே நுழைந்துவிட்டால் பிறகு வெளியே போகாது. சபாபதியின் தோட்டம் போனால் எல்லாத் தோட்டமும் போன மாதிரிதான்.

கிள்ளானில் காப்பார் சாலைப் பக்கம் என் மெக்கானிக் பட்டறை. அவள் எனக்குப் போன் போடுவதற்கு முன்பே இரண்டு பேர் வந்து பார்த்திருந்தார்கள். ஒருவன் நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டான். இன்னொருவன் வயசான இஞ்சின், தலையைக் கழற்ற வேண்டும் என்றான்.

"அண்ணே, ஹெட்ட கழட்டணுமாம்."

"நான் வர்ற வரைக்கும் ஒருத்தனையும் தொட விடாத."

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். அவள் அப்போதுதான் பூசை முடித்திருந்தாள். ஸ்டியரிங்கில் எலுமிச்சம்பழம், உள்ளே முனீஸ்வரர் படம். அந்த டிராக்டருக்கு முன்பக்க வலை எப்போதோ உடைந்து போய்விட்டது. ரேடியேட்டர் மூஞ்சி அப்படியே வெளியே தெரியும். அதன் மேல்தான் மூன்று பட்டையாகத் திருநீறும் சந்தனமும், நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

இஞ்சின் ஆறியிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் நிறைய இருந்தது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. அப்படியானால் தலையைக் கழற்றத் தேவையில்லை. காற்றாடி பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், விறைப்பாகத்தான் இருந்தது. மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தது, மாற்றினேன். சூடேறினால் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட், புதுசு ஒன்றை அவள் அடுப்பில் சட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தேன்.

"அண்ணே, அது ரசம் வைக்கிற சட்டி."

"இன்னைக்கு ரசம் வேணாம்."

தெர்மோஸ்டாட்டைப் பொருத்திவிட்டு, மத்தியானம் பாரத்தோடு நானும் ஏறிப் போனேன். வாய்க்கால் பாலத்துக்கு முன்னாடியே முள் சிவப்பைத் தொட்டது. நிழலுக்கு ஒதுக்கி, இஞ்சினை அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டாள். சட்டென்று அணைத்தால் சூடு இன்னும் ஏறும், அது தெரிந்தவள்தான்.

"அப்ப அவன் சொன்னது சரியா? தலைதானா?"

"சும்மா இரு."

தண்ணீரும் சரி, மூடியும் சரி, பெல்ட்டும் சரி. மிச்சம் இருப்பது காற்று. சட்டைப் பையில் போன வாரத்து நாலு நம்பர் லாட்டரி டிக்கெட் ஒன்று கிடந்தது. காற்றாடி சுழன்றுகொண்டிருக்கும்போதே அதை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தேன். ஓரத்தில் வைத்தால் சட்டென்று இழுத்து ஒட்டிக்கொண்டது. நடுவில் வைத்தால் கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. நடுவில் இருந்தது சந்தனம்.

"உஷா, இத எப்பலேர்ந்து பூசுற?"

"வாங்குனதுலேர்ந்து. வெள்ளிக்கு வெள்ளி. மஞ்சத் தண்ணி தெளிச்சுட்டுப் பூசுவேன்."

"பழச எடுக்க மாட்டியா?"

"சாமி நெத்திய யாராச்சும் சொரண்டுவாங்களா?"

குனிந்து விளக்கடித்துப் பார்த்தேன். செம்பனை நார், தூசி, மஞ்சள், சந்தனம் எல்லாம் சேர்ந்து தகடுகளுக்கு நடுவே சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. எனக்கு முன்னாடி வந்த இரண்டு பேரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்கமாட்டார்கள். அவர்களும் கும்பிட்டுவிட்டு வேறு பக்கம் கை வைத்திருப்பார்கள்.

"கொதிக்க ஆரம்பிச்சதும் என்ன செஞ்ச?"

தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினாள். பிறகு சொன்னாள்: "செவ்வாக்கிழமையும் சேத்துப் பூசுனேன். சந்தனம் சூட்டத் தணிக்கும்லண்ணே."

"ஒடம்புக்குத் தணிக்கும். இது ரேடியேட்டர்."

"அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"சாமியவும் வையாத, உன்னையவும் வையாத. காத்துப் போற வழியில போட்ட, அவ்வளவுதான்."

அவளுக்குக் கோபம். என் மேலா, அவள் மேலா என்று நான் கேட்கவில்லை. டிராக்டர் ஆறியதும் வீட்டுக்கு ஓட்டிவந்தாள். நான் தண்ணீர்க் குழாயை எடுக்கப் போனேன், தடுத்துவிட்டாள். உள்ளே போய்ச் சூடம் எடுத்துவந்து கொளுத்தினாள். முனீஸ்வரர் படத்துக்கு முன்னால் நின்று வாய்க்குள் ஏதோ சொன்னாள். இஞ்சின் மூடியின் மேல், காற்றுக்குக் குறுக்கே வராத இடமாகப் பார்த்து, ஒரு சின்னப் பொட்டு வைத்தாள்.

"இப்ப எடுங்க. நானே தேய்க்கிறேன்."

ஈரத்துணியை வைத்து ஊறவிட்டோம். அவள் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தாள். நான் காற்றாடிப் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக விட்டேன். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும், பிறகு இருந்த ஓட்டையும் அடைபட்டுவிடும். மஞ்சள் தண்ணீர் வாசல் முழுக்க ஓடியது. மடங்கிய தகடுகளை அவள் பழைய சீப்பு ஒன்றால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். லோகன் வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னா, சடங்கா?"

"வந்து பிரஷ்ஷப் புடி. இல்லன்னா உள்ள போ."

உள்ளே போய்விட்டான்.

சனிக்கிழமை மேகமே இல்லை. சபாபதி எடை போடும் இடத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். முதல் நடை வந்து போனாள், முள் நடுவிலேயே நின்றது. இரண்டாவது நடையும் அப்படித்தான். மூன்றாவது நடைக்கு அவர் வேண்டுமென்றே உள்தோட்டத்துக் குலையை ஏற்றச் சொன்னார். தூரமும் அதிகம், பாரமும் அதிகம். நான் பக்கத்து மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன். பாலத்து ஏற்றத்தில் முள் அசைந்து மேலே போனது. அவள் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஒரு கியர் குறைத்து, அவசரப்படாமல் ஏற்றினாள். சிவப்புக்குக் கொஞ்சம் கீழே முள் நின்றது. இறக்கத்தில் திரும்பி வந்தது.

சபாபதி வந்து இஞ்சின் மூடியில் கை வைத்தார்.

"சுடுதே."

"வெயில்ல நின்னா உங்க மண்டையும்தான் சுடும் அங்கிள்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து ஆவி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. "லோரிக்காரனுக்கு வாக்குக் குடுத்துட்டனேம்மா," என்றார்.

"வரட்டும். ஒரு மழ பேஞ்சா அவன் லோரி புதையும். இழுக்கிறதுக்கு யாரக் கூப்புடுவீங்க?"

குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தார். "பாஸ், இஸ்னின் தாக் பாயா லா," என்று லோரிக்காரனிடம் திங்கட்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் அவன் கத்தியது எங்கள் காதிலும் விழுந்தது. கத்தி முடிக்கிற வரைக்கும் போனைத் தள்ளிப் பிடித்திருந்தார்.

"திங்கக்கிழம ஏழு மணிக்கு வந்துரு."

"நான் ஆறரைக்கே வந்துருவேன். நீங்க கேட்டைத் தொறந்து வைங்க, தூங்கிறாதீங்க."

உள்தோட்டத்தில் இன்னும் குலை கிடந்தது. நான் இறங்கிக்கொண்டேன். அவள் டிராக்டரைத் திருப்பி மறுபடி பாலத்துப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள்.