லாலாங் காட்டில் காய்த்த வெண்டைக்காய்

எனக்கு வயது எழுபத்து நாலு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். கை வலித்தால் நிறுத்திக்கொள்ளட்டும், எனக்கு அவசரம் இல்லை.

மலேசியாவில் கோலா பிலா பக்கம் ஒரு தோட்டத்தில் நாற்பது வருஷம் வேலை செய்தேன். முதலில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தேன். ரப்பரை அழித்து, எண்ணெய்க்குச் செம்பனை வைத்த பிறகு புல்லு வேலை. என் நிரையில் ஒரு புல் நிற்காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கூட்டி வந்து, "வீட்டு வாசல் மாதிரி இருக்கு பாருங்க, இப்படிச் செய்யணும்" என்று என் நிரையைக் காட்டுவார். பொய் சொல்லவில்லை, கேட்க இன்றைக்கும் ஆள் இருக்கிறது.

ஆனால் அத்தனை வருஷத்தில் சாப்பிடுகிற செடி ஒன்றை நான் நட்டதில்லை. மண் கம்பெனியுடையது. விடியும் முன்னே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்றவளுக்கு வீட்டுக்குப் பின்னால் கீரை போட நேரம் ஏது? எனக்குத் தெரிந்தது புல்லைச் சாகடிக்கிற வேலை மட்டும்தான்.

தோட்டம் கைமாறிய பிறகு மம்பாவில் இந்த வீடு கிடைத்தது. வரிசையில் கடைசி வீடு என்பதால் பக்கத்தில் ஒரு துண்டு நிலமும் சேர்ந்து வந்தது. கொஞ்சம் சரிவான நிலம். பத்திரத்தில் என் பேர்தான். என் பேரில் வந்த முதல் மண் அது. ஆனால் முட்டி வலி, பேரப்பிள்ளைகள், அது இது என்று அதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. லாலாங் புல் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. போன வருஷம் ஒரு நாள் அதிலிருந்து பாம்பு ஒன்று குளியலறை வரைக்கும் வந்தது.

என்னோடு இருக்கிற மூத்த மகன் அன்றைக்கே சொன்னான். "அம்மா, அந்த இடத்தைச் சிமெண்டு போட்டு மூடிடலாம். ரெண்டு காரு நிக்கும். பாம்பும் வராது."

என் பேரில் இருக்கிற மண் சிமெண்டுக்கு அடியில் போவதா? "வேணாம். நான் அதை வெட்டிக் காய்கறி போடுறேன்" என்றேன்.

சிரித்தான். "நீங்க காய்கறி போட்டதே இல்லையேம்மா."

"நீயும்தான் காரு ஓட்டப் பழகுறதுக்கு முன்னாடி காரு ஓட்டினது இல்ல."

மருமகள் அடுப்படியில் சிரித்துவிட்டாள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. "சரி லா. தீபாவளிக்கு முந்துன ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அந்த மண்ணுல வெளஞ்ச காயில ஒரு சட்டி கொழம்பு வைங்க. வைக்கலேன்னா திங்கக்கிழமை சிமெண்டு லாரி வரும்."

மறுநாள் காலையில் பாராங் கத்தியைத் தீட்டினேன். முதலில் மேல்புல்லை வெட்டி, நிலத்தின் கீழ்க்கோடியில் நீளமாகக் குவித்தேன். பிறகு சங்கோல் மண்வெட்டியால் கொத்தினேன். லாலாங்கின் வேர் வெள்ளையாக, ஊசி மாதிரி மண்ணுக்குள் ஓடும். ஒரு விரல் அளவு விட்டாலும் திரும்ப வரும். உட்கார்ந்து உட்கார்ந்து, கையால் அலசி எடுத்தேன். தினம் காலையில் இரண்டு மணி நேரம், வெயில் ஏறினால் வீடு. மூன்று வாரம் ஆனது. வேலை முடிந்தபோது அங்கே ஒரு புல் இல்லை, ஒரு சருகு இல்லை. விளக்குமாற்றால் பெருக்கியும் விட்டேன். அந்த மண்டோர் உயிரோடு இருந்தால் கூட்டி வந்து காட்டியிருப்பேன்.

கடையில் வெண்டை விதை வாங்கி, நூல் பிடித்து வரிசையாக ஊன்றினேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் மழை பிடித்தது. அரைமணி நேரம்தான். சன்னலில் நின்று பார்த்தேன். மொட்டை மண்ணில் தண்ணீர் சறுக்கிக்கொண்டு ஓடியது. மேல்மண் அத்தனையும் விதையோடு போய்விட்டது. அடியில் இருந்த செம்மண்ணும் கல்லும் பல்லைக் காட்டின.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மக்சிக், காலையில் வேலியோரம் வந்து நின்றாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "அக்கா, உங்க காய்கறிக் கெபுன் நேத்தே எங்க சாக்கடைக்குக் குடிவந்துடுச்சு" என்று மலாயில் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து அள்ளினோம். மகன் சாயங்காலம் அளவு நாடா பிடித்து நிலத்தை அளந்தான். வாயால் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒரு வாரம் அந்தப் பக்கமே நான் போகவில்லை. பிறகு ஒரு நாள், குவித்துப் போட்ட லாலாங்கையாவது குப்பையில் போடலாம் என்று கீழ்க்கோடிக்குப் போனேன். வாரித் தூக்கினால், அடியில் மண் கறுப்பாக, ஈரமாக, மெத்தென்று இருக்கிறது. மண்புழு நெளிகிறது. குவியலின் ஓரமெல்லாம் வெண்டைக் கன்று, இரண்டு இரண்டு இலையோடு. அடித்துப் போன விதையில் கொஞ்சத்தை அந்தப் புல்தான் மறித்துப் பிடித்து வைத்திருந்தது. நான் எதைக் குப்பை என்று நினைத்தேனோ அது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். செம்பனைக்கு அடியில் மொட்டையாகச் சுரண்டினால் பேர் கிடைக்கும். மரம் பெரிது, மண் போனாலும் அது நிற்கும். வெண்டைக்கன்று எப்படி நிற்கும்? நாற்பது வருஷம் பேர் வாங்கிக் கொடுத்த கைதான் என் மண்ணைக் கழுவிவிட்டது. இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சாக்கடையில் அள்ளிய மண்ணைத் திரும்பப் போட்டேன். சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டினேன். வெட்டின லாலாங்கை, வேர் இல்லாமல் பார்த்து, பாத்தி மேல் பாய் மாதிரி விரித்தேன். கன்றுகளை மண்ணோடு பெயர்த்து அதன் நடுவே நட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ மழை. ஒரு பிடி மண் போகவில்லை.

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை பறித்தபோது பதினொரு காய்தான் இருந்தது. மருமகள் காதோரம் வந்து, "அத்த, பசார்ல ஒரு பிடி வாங்கியாந்து கலந்துடுறேன். அவருக்கு என்னா தெரியப் போவுது?" என்றாள்.

"பால்மரம் வெட்டின காலத்துலயே நான் பால்ல தண்ணி கலந்தது இல்ல. இப்ப காயிலயா கலப்பேன்?"

பதினொரு காயையும் வதக்கிப் புளிக்குழம்பு வைத்தேன். சட்டி நிறைய. மகன் கரண்டியை விட்டுத் துழாவினான்.

"என்னம்மா, காயைத் தூண்டில் போட்டுப் பிடிக்கணும் போல இருக்கு."

"ஒரு சட்டி கேட்ட, வச்சிருக்கேன். எத்தன காயின்னு நீ சொல்லல."

சாப்பிட்டான். மறுபடியும் சோறு போட்டுக்கொண்டான். பிறகு, "இன்னும் ரெண்டு காய் இருக்காம்மா?" என்று கேட்டான்.

"இல்ல. செடியில பிஞ்சு நிக்குது. வியாழக்கிழம வரைக்கும் பொறு."

கை கழுவிவிட்டு வெளியே போனான். பாத்திக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். லாலாங்கை ஒரு பக்கம் தூக்கி, அடியில் விரலை விட்டுப் பார்த்தான். அப்புறம் சிமெண்டுக்காரனுக்குப் போன் போட்டான். நான் சன்னலில்தான் நின்றேன். "லாரி வேணாம் பாஸ். அங்க எங்கம்மா காய்கறி போட்டிருக்காங்க" என்றான். காரு இன்றைக்கும் ரோட்டோரம்தான் நிற்கிறது.

எழுதிவிட்டாயா கண்ணு? இப்போது முதலிலிருந்து படி, மெதுவாகப் படி. பதினொரு காய் என்பதை நீ கூட்டி எழுதியிருக்கக் கூடாது. உங்கப்பா போனில் சொன்ன இடம் வந்ததும் இரண்டு தடவை படி.