முப்பத்திரண்டாவது ஆள்

"இது மூணாங்கிளாஸு மூக்கு, டீச்சர்." கண்ணாடிப் பெட்டியில் இடுப்பளவு உயரத்தில் பதிந்திருந்த ஈரத்தடத்தைக் காட்டிவிட்டு, ஸ்ப்ரே அக்கா இரண்டு பீச்சு பீச்சித் துடைக்கிறார். ராணுவ அருங்காட்சியகத்துக்கு ஒரே நாளில் நான்கு பள்ளிக்கூடங்கள் வந்தால் நான்கு முறை துடைப்பார். ஸ்ப்ரே அக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஐம்பத்தைந்து வயதுக்கு 'அக்கா' கொஞ்சம் சலுகைதான். அவர் மறுத்ததில்லை.

பீரங்கியை அவர் பீரங்கி என்று சொல்லிக் கேட்டதில்லை. "நெட்டையனைத் துடைச்சாச்சு, மாமனார்தான் பாக்கி" என்பார். மாமனார் என்பது வாசலில் நிற்கும் தளபதி சிலை. "எப்பப் பாத்தாலும் முறைச்சுக்கிட்டே நிக்கிறாரே, வேற என்னன்னு கூப்பிடறது?" துப்பாக்கிப் பெட்டிகளுக்கு ஒரு துணி, சீருடைப் பெட்டிகளுக்கு வேறு துணி. ஏன் என்று கேட்டால், "ரெண்டையும் ஒண்ணால துடைக்க மனசு வரல" என்பதோடு சரி. குண்டு துளைத்த சட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் 'டுமீல்' என்று சிரித்தால் அவர் முகம் கடுத்துவிடும். ஆனாலும் வாய் திறக்க மாட்டார். துப்புரவுப் பணியாளர்கள் பார்வையாளர்களிடம் பேசக் கூடாது என்பது அங்கே விதி. என்னிடம் பேசுவதுகூட என் வகுப்பு அடுத்த அறைக்குப் போன பிறகுதான்.

கடைசி அறையில் ஒரு புகைப்படம். தரையிலிருந்து சுவரின் பெரும்பகுதியை அடைத்து, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறார்கள். போருக்குக் கிளம்பும் முன் ஒரு படைப்பிரிவு மூன்று வரிசையாக நிற்கிறது. பள்ளிகளுக்குத் தரும் வினாத்தாளில் ஏழாவது கேள்வி: படத்தில் எத்தனை பேர்? விடை 31. முன்வரிசையின் வலது ஓரத்தில் பாதித் தோளும் ஒரு காதும் மட்டும் தெரியும். அது கணக்கில் சேராது.

அந்தக் காது தன் தம்பியுடையது என்று போன வருஷம்தான் அக்கா என்னிடம் சொன்னார். மேல்மடல் மடிந்த காது. "நான் திருகித் திருகியே மடிஞ்சு போச்சும்பான். பொறப்புலயே அப்படித்தான் டீச்சர். என் மேல பழி போட்டே வளந்தான்."

முகாமில் சமையல் வேலைக்குச் சேர்ந்தவன். படையோடு கிளம்பினான், திரும்பவில்லை. வீட்டார் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "செத்துட்டான்னாச்சும் சொல்லியிருக்கலாம். ஆளே இல்லன்னுட்டாங்களே. அப்ப நான் இடுப்புல தூக்கி வளத்தது யாரை?" இங்கே வேலைக்கு வந்த முதல் நாள்தான் அந்தப் படத்தைப் பார்த்தாராம். அதன் பிறகு இதைவிட நல்ல வேலை இரண்டு தேடி வந்தும் அவர் போகவில்லை.

அதற்கு முந்தைய வருஷங்களில் எத்தனை 32-களைச் சிவப்பு மையால் அடித்திருப்பேன் என்று நினைத்தபோது எனக்குக் கை கூசியது. அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. நானும் அத்தோடு விட்டுவிட்டேன்.

இந்த முறை ஐந்தாம் வகுப்பை அழைத்துப் போயிருந்தேன். வழிகாட்டி இளைஞர் ஏழாவது கேள்விக்கு வந்தார். "முப்பத்தொண்ணு" என்று வகுப்பே கத்தியது. ஒரு சிறுமி மட்டும், "முப்பத்திரெண்டு சார். அந்த ஓரத்துல ஒருத்தர் பாதி இருக்காரு" என்றாள்.

"முழுசாத் தெரியறவங்களை மட்டும்தான்மா எண்ணணும். அழிச்சிட்டு எழுது."

நான் பேச வேண்டிய இடம் அது. அவள் ரப்பரை எடுத்தாள்.

"அழிக்காத கண்ணு."

பின்னால் அக்கா நின்றிருந்தார். அந்த அறையில் பிள்ளைகள் முன்னால் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் வழிகாட்டி, மரியாதையாகத்தான். அவர் போகவில்லை. பிள்ளைகளை மெல்ல விலக்கிக்கொண்டு, படம் முடிந்து வெறுஞ்சுவர் தொடங்கும் இடத்துக்கு நடந்தார். அந்தப் பாதித் தோள் அறுபடும் இடத்தில் தன் தோளை ஒட்ட வைத்துத் திரும்பினார்.

"இப்ப எண்ணு" என்றவர், சுவரோடு முதுகைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு இறுக்கி, முகவாயை நிமிர்த்தி, வரிசையில் இருந்த மற்றவர்களைப் போலவே நேரே பார்த்தபடி நின்றார்.