மூன்றாம் அத்தியாயத்து டம்ளர்

எலியேசர் சாருக்குப் புத்தகத்தைப் பார்த்தால் முதலில் சந்தேகம்தான் வரும். ஜூன் பிறந்தால் போதும், பதிப்பகத்து ஆட்கள் பை நிறையப் புத்தகத்தோடு எங்கள் பயிற்சி மையத்தின் மாடிப்படி ஏறி வந்துவிடுவார்கள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறோம். கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவங்களை வரையச் சொல்லித்தருகிறோம். இங்கே படித்த பிள்ளைகள் திருமுடிவாக்கத்துப் பட்டறைகளில் டிசைன் வேலைக்குப் போகிறார்கள். நான் பட்டு. வரவேற்பு மேசை, ரசீது, சண்டை போட வரும் பெற்றோர் எல்லாம் என் இலாகா.

வந்த புத்தகங்களில் எதை வகுப்பில் வைப்பது என்று முடிவு செய்கிறவர் எலியேசர் சார்தான். அட்டையில் பளபளவென்று கார் இருந்தால் அவருக்கு எரிச்சல் வரும். "உள்ள ஒரு போல்ட்டு ஒழுங்கா வரையச் சொல்லித் தரல, வெளில காரு" என்பார். முதல் அத்தியாயத்தைத் தொடவே மாட்டார். "பொண்ணு பார்க்க வரும்போது எல்லாருமே நல்லவங்கதான் மேடம். மூணாவது அத்தியாயத்தைப் பார்க்கணும்" என்பது அவர் கட்சி. 'மீதியையும் இதேபோல் செய்க' என்று ஒரு வரி கண்ணில் பட்டால் போச்சு, அந்தப் புத்தகம் வந்த பையிலேயே திரும்பிப் போய்விடும்.

இதையெல்லாம் தாண்டி வருகிற புத்தகத்துக்குக் கடைசிப் பரீட்சை என்னை வைத்து நடக்கும். சொன்னால் சிரிப்பீர்கள். அந்த மென்பொருள் தெரியாத ஓர் ஆள், புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்றாவது அத்தியாயத்து உருவத்தை வரைந்து முடிக்க வேண்டும். இந்த மையத்தில் ஒன்றும் தெரியாத ஆள் பட்டு மேடம்தான் என்று அவர் முடிவு கட்டிப் பல வருஷம் ஆகிறது. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். அவர் எனக்கு இடப்பக்கம் நாற்காலி போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். கை சும்மா இருக்காதாம், உதவி செய்துவிடுமாம். வாயையும் திறக்க மாட்டார். நான் திணறினால் புத்தகம் தேறாது. "எனக்கும் இதைச் சொல்லிக் குடுங்களேன் சார்" என்று ஒருமுறை கேட்டேன். "வேணாம் மேடம், நீங்க கத்துக்கிட்டா எங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

அவர் இப்படி ஆனதற்கும் காரணம் உண்டு. வாலிபத்தில் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தார். சொல்லித்தர ஆளில்லை, தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதில் ஏதோ ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் முழித்தாராம். எல்லாரும் டீ குடிக்கப் போகும்போது இவர் மட்டும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு வேர்த்து உட்கார்ந்திருந்தாராம். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. தான் பட்ட பாட்டை வேறு ஒருத்தரும் படக்கூடாது என்று வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லிவிடுவார்.

இந்த வருஷம் பரீட்சைக்கு வந்தது அவர் மனைவி கிறிஸ்டினா எழுதிய புத்தகம்.

கிறிஸ்டினா சிறுசேரியில் ஒரு கம்பெனியில் மென்பொருள்களுக்குச் செய்முறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள். திடீரென்று ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். வேறு யாராவதாக இருந்தால் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். இவள் புருஷனிடம் முப்பரிமாண வரைதலைக் கற்றுக்கொண்டு, அதற்குத் தமிழில் ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்துவிட்டாள். செம்பாக்கத்து வீட்டில் மூன்று வருஷம் அதே வேலை. காரும் இயந்திரமும் கிடையாது. முதல் அத்தியாயத்தில் சோப்புப் பெட்டி, இரண்டாவதில் இட்லித் தட்டு, மூன்றாவதில் டம்ளர். புரட்டிப் பார்த்த எனக்கே ஆசையாக இருந்தது.

பதிப்பகத்தார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் மையம் பாடப்புத்தகமாக எடுத்துக்கொண்டால் அச்சடிப்பார்கள், இல்லையென்றால் இல்லை, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். எங்கள் முதலாளி ஜெயகிருஷ்ணன் சார், "எலியேசர் சரின்னா எனக்கும் சரி" என்று ஒதுங்கிக்கொண்டார். ஆக அவளுடைய மூன்று வருஷமும் அந்த மனுஷன் தலையாட்டலில் வந்து நின்றது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கையைப் பற்றி எனக்குத் தெரியும். அவள் எழுதியதில் ஒரு பக்கம்கூட அவர் வாங்கிப் படித்ததில்லை, பிற்பாடு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும் என்று. "வேற யாராவது பார்க்கட்டுமே" என்று சொல்லிப் பார்த்தாராம். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "நீங்களே பாருங்க. நீங்க பாஸ் பண்ணலைன்னா அது புத்தகமே இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் வந்து இறங்கினார்கள். ஆனால் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் லேபின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் வழக்கம்போல என் இடப்பக்கம் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் செருகினார். ஜெயகிருஷ்ணன் சார் கதவோரமாக நின்றார். முருகா, என் மண்டை மந்தத்தால் இந்தப் பெண்ணின் புத்தகம் கெட்டுப்போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் மவுஸைப் பிடித்தேன்.

டம்ளர் வரைவது எப்படி என்றால், முழு டம்ளரை வரைய வேண்டியதில்லை. நடுவில் ஒரு நேர்கோடு. அதற்கு ஒரு பக்கமாக, டம்ளரை நெடுக்கில் பிளந்தால் தெரியும் ஓரம். பிறகு அந்த ஓரத்தை நடுக்கோட்டைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னால் டம்ளர் எழுந்து நிற்கும். அவள் எழுதியிருந்தது எனக்கு அப்படியே புரிந்தது. கோடு போட்டேன், ஓரம் வரைந்தேன், விளிம்பை மடக்கினேன், சுற்றினேன். ஸ்கிரீனில் டம்ளர் எவர்சில்வர் மாதிரி மின்னிக்கொண்டு நின்றது. ஓர் இடத்தில்கூட நான் தயங்கவில்லை.

"அப்புறம் என்ன? ஃபோனைப் போட்டுச் சொல்லிடலாம்" என்றார் ஜெயகிருஷ்ணன் சார். நான் திரும்பி கிறிஸ்டினாவைப் பார்த்தேன். கைப்பையை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எலியேசர் சார் மட்டும் அசையவில்லை.

"மேடம், நடுக்கோடு போட்ட உடனே இடது கையால என்னவோ அழுத்தினீங்களே, என்ன அது?"

"எஸ்கேப் கீ."

"எதுக்கு?"

"எதுக்கா? அதை அழுத்தலைன்னா கோடு விடாது சார். மவுஸ் போற பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டே வரும்."

"அது புத்தகத்துல எங்க இருக்கு?"

பக்கத்தைப் பார்த்தேன். மேலிருந்து கீழே பார்த்தேன், முந்தைய பக்கத்தையும் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

"நீங்க கத்துக்கிட்டீங்க மேடம்" என்றார் அவர், டாக்டர் வியாதியைச் சொல்வது போல. "இத்தனை வருஷமா உங்களை உட்கார வெச்சு உட்கார வெச்சு, உங்க கை பழகிடுச்சு. இந்தப் பரீட்சை செல்லாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கத்துக்கிட்டது என் குத்தமா? மண்ணு மாதிரி உட்கார்ந்திருக்கணுமா நான்?" என்றேன்.

"ஒரு வரிதானே எலியேசர்? அச்சாகும்போது சேர்த்துக்கலாம்" என்றார் ஜெயகிருஷ்ணன் சார்.

"இவங்க கை இன்னும் எதையெல்லாம் தாண்டிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது சார். நிஜமாவே ஒண்ணும் தெரியாத ஆள் ஒருத்தர் வேணும்."

கீழே பேக்கரியில் தட்டு வைக்கிற ஓசை கேட்டது. எலியேசர் சார் மெதுவாக முதலாளி பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன். எங்கள் விளம்பரத் தாளில் ஜெயகிருஷ்ணன் சார் ஒரு முப்பரிமாண இயந்திர உருவத்தின் முன்னால் கை கட்டி நிற்கிற படம் இருக்கிறது. அவர் அந்த மென்பொருளை ஒருநாளும் திறந்ததில்லை என்பது ஊரறிந்த ரகசியம்.

"எனக்கு இன்னிக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்ல" என்றார்.

"எழுத்து பெரிசாத்தான் சார் இருக்கு" என்றேன் நான். கோபம் இன்னும் தீரவில்லை எனக்கு.

நான் எழுந்து இடம் விட்டேன். உட்கார்ந்தார், பாவம். நடுக்கோடு போட்டார். அதுவரை சரி. பிறகு மவுஸை நகர்த்தினார், கோடும் கூடவே வந்தது. தள்ளி ஓர் இடத்தில் அழுத்தினார், அங்கேயும் ஒரு கோடு விழுந்தது. அதிலிருந்து இன்னொன்று. உதறுகிறவர் போல மவுஸை ஆட்டினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, ஸ்கிரீன் முழுக்க ஒட்டடை படிந்தது. அவர் புத்தகத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தார். "'நடுவில் ஒரு நேர்கோடு போடவும். பிறகு அதிலிருந்து சற்று விலகி டம்ளரின் அடிப்பாகத்தைத் தொடங்கவும்.' விலகித்தானேம்மா தொடங்கறேன், இது என்னை விட மாட்டேங்குதே."

கிறிஸ்டினா எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்றாள். முதலாளியின் காதோரம் வேர்வை வழிந்தது. இன்னொரு முறை முதலிலிருந்து போட்டார், இன்னொரு முறை ஒட்டிக்கொண்டது. யாராவது வாயைத் திறந்து சொல்லித் தொலையுங்களேன் என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. எலியேசர் சார் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அவருடைய வலது கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கை தானாக நீண்டு, கீபோர்டின் இடது மூலையில் எஸ்கேப் கீ மேலே போய் நின்றது. தொடுவதற்கு முன்னால் அவருக்கே உறைத்து, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

கிறிஸ்டினா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்லயும் இப்படித்தான்" என்றாள். "எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்துதான் சொல்லிக் குடுத்தீங்க. எனக்கு ஒரு தடவைகூடக் கோடு இப்படி ஒட்டினது இல்ல. நான் போட்டதும் உங்க கை வந்து அழுத்திடும். அப்புறம் என் கையும் அதைப் பார்த்தே பழகிக்கிச்சு போல."

"கிறிஸ்டி, நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"தெரியும். ஒரே ஒரு தடவை மாட்டிக்கிட்டு முழிச்சிருந்தா எழுதியிருப்பேங்க. நீங்க என்னை மாட்டவே விடல."

ஊர்ப் புத்தகத்துக்கெல்லாம் குறை கண்டுபிடித்த மனுஷன், தன் வீட்டுப் புத்தகத்தில் தானே குறையாக உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஜெயகிருஷ்ணன் சார் தொண்டையைச் செருமினார். "ஒரு துண்டுத் தாள் அடிச்சு ஒட்டிடலாம்மா. புத்தகம் நல்லாத்தான் இருக்கு."

"இது ஒரு வரி இல்ல சார். இவர் கை எங்கெல்லாம் வந்துச்சோ அங்கெல்லாம் ஓட்டை இருக்கும். எத்தனைன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

வெளியே என் மேசையில் ஃபோன் அடித்தது. பதிப்பகத்து ஆள்தான், வேறு யார். வாசலில் நின்றபடி எலியேசர் சாரைப் பார்த்தேன். எத்தனையோ பேரிடம் முகத்துக்கு நேராகத் 'தேறாது' என்று சொன்னவர், அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

"தேறலைன்னு சொல்லிடுங்க அக்கா" என்றாள் கிறிஸ்டினா.

சொன்னேன். "சரிங்க, அப்ப வேற பார்த்துக்கறோம்" என்று அந்த ஆள் சாதாரணமாக வைத்துவிட்டான். மூன்று வருஷத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. எனக்கு அழுகை வந்துவிட்டது, ரசீதுப் புத்தகங்களை அடுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

திரும்பி லேபுக்குள் எட்டிப் பார்த்தபோது, கிறிஸ்டினா முதலாளிக்கு வலப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பென்சில், மடியில் அந்தப் புத்தகம். இரண்டு கைக்கும் வேலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், தயவு செஞ்சு எழுந்துடாதீங்க. முதல் அத்தியாயத்துல இருந்து வரலாம். எங்கெல்லாம் மாட்டறீங்களோ அங்கெல்லாம் சொல்லுங்க, நான் குறிச்சுக்கறேன்."

"நிறைய மாட்டுவேனேம்மா."

"நல்லா மாட்டுங்க சார்."

பிறகு புருஷன் பக்கம் திரும்பாமலே, "நீங்க கொஞ்ச நேரம் வெளில இருங்க" என்றாள்.

எலியேசர் சார் வெளியே வந்தார். என் மேசைக்கு எதிரே பெற்றோர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ சொல்லட்டுமா என்றேன், தலையாட்டி வேண்டாம் என்றார். உள்ளே முதலாளி, "அடடா, இதுவும் விட மாட்டேங்குதேம்மா" என்பது கேட்டது. எலியேசர் சார் எழப்போனவர் மறுபடி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.