கப்பலில் திறந்த அகராதி

ஸ்தோத்திரம். தூத்துக்குடி துறைமுகத்தில் என்னைப்போல இங்கிலீஷ் பேசுகிற சுமைத் தொழிலாளி எவனும் கிடையாது.

பொய். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. ஆனால் இந்தப் பொய்யை ஒரு வருஷம் எல்லாரும் நம்பினார்கள். நானும் பாதி நம்பினேன்.

காரணம், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலம் பேசப் பழகும் புத்தகம். இங்கிலீஷைத் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கும். முத்தையாபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்வேன். கூடவே ஒரு குட்டி அகராதியும் கிடைத்தது. தமிழ்ச் சொல் முதலில், இங்கிலீஷ் பக்கத்தில். அதைச் சட்டைப்பையில் அழகுக்கு வைத்திருந்தேன். எல்லாம் தெரிந்தவனுக்கு அகராதி எதற்கு?

ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, மரத்தடிகள் ஏற்றிவந்த கப்பலில் நான்காம் நாள் வேலை. என் மனைவியின் தம்பி தேவராஜும் கூட இருந்தான். சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் கரைக்கு இறங்கிவிட்டார்கள். சரக்கு அறையின் சின்ன மூடி திறந்திருந்தது. வெளிநாட்டு அதிகாரி ஒருவர் அதைக் காட்டி என்னிடம் நாலைந்து வாக்கியம் சொன்னார். ஒன்றும் புரியவில்லை. “எஸ் சார், ஓகே சார்” என்றேன். அவர் கப்பலின் முன்பக்கம் போய்விட்டார்.

“என்ன அத்தான் சொல்லுதாரு?”

“இறங்கலாமாம்லே மாப்ள. போயி தடி தூக்குற வயர் கெடக்கான்னு பாரு.”

“சரியாத்தான் கேட்டியளா?”

“ஏலே, எங்கிட்டயேவா?”

ஏணியில் பாதி இறங்கியவன் அப்படியே துவண்டு தடிகள்மேல் விழுந்தான்.

மூடிக் கிடக்கிற அறையில் மரம் காற்றைத் தின்றுவிடும் என்று மேஸ்திரி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். காற்றைச் சோதிக்காமல் இறங்காதே என்றுதான் அதிகாரியும் சொல்லியிருப்பார். நான் அவனை அனுப்பிவிட்டேன்.

முன்பக்கம் ஓடினேன். வாயில் வந்தது, “குட் மார்னிங் சார், ஹவ் ஆர் யூ?” அவர் “ஃபைன், ஃபைன்” என்றார். கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்து காட்டினேன். கைதட்டிச் சிரித்தார். நான்கு நாளாக அவரைச் சிரிக்கவைக்க அப்படித்தான் செத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

விழுந்த இடத்திலேயே முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒண்ணுமே தெரியாது. அவன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?” என் ஜெபங்களிலேயே முதல் உண்மை அதுதான்.

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. எழுத்துக்கூட்டித் தேடினால் எனக்குக் கால்மணி நேரம் ஆகும். பிரித்த பக்கத்திலேயே ‘மூச்சு’ இருந்தது. அதன்மேல் விரலை வைத்தேன். சரக்கு அறையைக் காட்டினேன். அதிகாரி பக்கத்திலிருந்த இங்கிலீஷைப் படித்தார். சிரிப்பு நின்றது.

மணி அலறியது. முகமூடி மாட்டிய இரண்டு பேர் கயிற்றோடு இறங்கினார்கள். எட்டிப் பார்க்கப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன். கயிறு மெதுவாக மேலே வருகிற சத்தம்...

“அத்தான்! இன்னுமா சாட்சி எழுதுதிய? ஜெபக்கூட்டத்துக்கு நேரமாச்சு, பைக்க எடுத்துட்டேன்!”

கூப்பிடுகிறது தேவராஜ்தான். மீதியை அவனைப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள். இப்போதெல்லாம் புரியாவிட்டால் புரியவில்லை என்கிறேன். புத்தகத்தையும் முதல் பாடத்திலிருந்து திரும்பப் படிக்கிறேன். பிரியமானவர்களே, ஆண்டவரிடம் கெட்டிக்காரர்களாகப் போகாதீர்கள். தெரியாது என்று சொல்லிப் பாருங்கள்.

“வாரேம்லே! ஹாரன் அடிக்காத!”