கதவில் கட்டாத மஞ்சள் துணி

கத்தரிக்கோல் பாதியில் நிற்கிறது. நாற்காலியில் இருப்பவருக்கு இடது பக்கம் வெட்டியாகிவிட்டது. வலது பக்கம் முடி காதை மூடிக்கொண்டு அப்படியே கிடக்கிறது. ஹட்சுயோ கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதுகிறாள். "குலுங்கிடுச்சு, எழுந்திரிங்க" என்கிறாள். பூமி குலுங்கவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டிகூட ஆடவில்லை. ஆனாலும் நாற்காலிக்காரர் கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு எழுந்து, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கும் தன் செருப்பை மாட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் குன்றின் படிகளில் ஏற ஆரம்பிக்கிறார். மேலே கோயில் முற்றத்தைத் தொட்டுவிட்டு இறங்கி வந்தால்தான் மீதித் தலை.

பூமி குலுங்கினால் பின்னாலேயே கடல் ஏறி வரக்கூடிய இசோனோ என்ற அந்தக் கடலோரக் கிராமத்தில் முடி வெட்ட அவளை விட்டால் ஆள் கிடையாது. கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் பக்கத்து ஊரில் வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. அங்கே வெட்டியவன் வாயே திறக்கவில்லை, தூக்கம்தான் வந்தது என்று அலுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். ஆக, ஊரில் தலையில் முடி உள்ள ஆண்கள் எல்லோரும் எப்போதாவது ஒருநாள் பாதித் தலையோடு குன்றேறியவர்கள்தான். அதில் ஒருவருக்கொருவர் கேலியும் உண்டு.

ஆள் குள்ளம். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முன்கை மட்டும் வலை இழுப்பவனுடையதைப் போல முறுக்கேறியிருக்கும். அங்கியின் ஒரு பையில் சீப்பு, மறு பையில் டார்ச் விளக்கும் ஒரு துண்டு கறுப்பு வெல்லமும். வெல்லம் எதற்கு என்று கேட்டால், மேலே ஏறியதும் மயங்கி விழுகிறவர்களுக்கு என்பாள். இதுவரை யாரும் மயங்கி விழவில்லை. சாயங்காலம் ஆனதும் அவளே அதைத் தின்றுவிட்டு, மறுநாள் புதிதாக ஒரு துண்டு போட்டுக்கொள்வாள்.

விசாரணையெல்லாம் முகச்சவரத்தின்போதுதான். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, வீட்டில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் வைத்திருக்கிறாய், அலமாரியைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்தாயா, படுக்கைக்குப் பக்கத்தில் செருப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அந்த நிலையில் பொய் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. இல்லை என்று ஒப்புக்கொண்டவனுக்குச் சவரம் முடிந்ததும் கோயில் கிடங்கில் ஆபத்துக் காலத்துக்கென்று வைத்திருந்து தேதி முடியப்போகும் காய்ந்த பிஸ்கட் ஒரு பொட்டலம் கிடைக்கும். அதைத் தின்று தீர்த்துவிட்டு, அதே அளவு புதிது வாங்கி மேலே வைக்க வேண்டியது அவன் பொறுப்பு. தண்டனைக்குத் தண்டனை, இருப்புக்கு இருப்பு.

அவள் ஜம்பம் பலிக்காத ஒரே ஆள் தொகுஜி. எண்பதைத் தாண்டிய பழைய கப்பல்காரர். "இந்த வயசுல மலை ஏறி நான் யாரக் காப்பாத்தப் போறேன்? என் மெத்தையிலயே கிடக்கேன், போம்மா" என்பார். வருடத்துக்கு ஒருமுறை ஊரே குன்றேறும் பயிற்சிக்கு வரச்சொல்லி ஹட்சுயோ வாதாடிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் அவருக்குப் பிடித்த அரிசி மதுவில் ஒரு பெரிய பாட்டில் வாங்கி, அவர் பெயரை எழுதி, கோயில் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள்.

"பெரியப்பா, பாட்டில் மேல இருக்கு. பயிற்சியன்னைக்கு வந்தா ஒரு கிண்ணம் ஊத்துவேன். வரலன்னா அன்னைக்கே நான் குடிச்சிடுவேன்."

தொகுஜி வந்தார். முனகிக்கொண்டே வந்தார், பாதிப் படியில் உட்கார்ந்து அவளைத் திட்டினார். ஆனாலும் வருடா வருடம் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

மஞ்சள் துணி ஏற்பாடும் அவளுடையதுதான். கடையில் நைந்துபோன துவாலைகளைக் கிழித்து மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கிக் காயவைத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்திருக்கிறாள். வீட்டில் இருந்த எல்லோரும் மேலே போயாகிவிட்டது, யாரையும் தேட வேண்டாம் என்றால் அதைக் கதவில் கட்டிவிட்டுப் போக வேண்டும். தீயணைப்புத் தொண்டர்கள் தெரு வழியே ஓடி வரும்போது துணி கட்டிய வீட்டில் நிற்காமல் தாண்டிவிடுவார்கள். துணி இல்லாத கதவைத் தட்டி, அந்த வீட்டு ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். பயிற்சி முடிந்ததும் துணியை அவிழ்த்து, கைக்கு எட்டும்படி ஜன்னல் ஓரத்தில் போட்டுவைப்பார்கள். வெயில் பட்டு மஞ்சள் வெளிறிப்போகும். அதனால் இலையுதிர் காலப் பயிற்சிக்கு முன்னால் எல்லாவற்றையும் வாங்கி மறுபடி சாயம் போடுவாள். அந்த வாரம் முடி வெட்டிக்கொண்டவர்கள் அவள் விரல் சாயம் பட்டு மஞ்சள் காதுகளோடு திரிவார்கள்.

துணி கட்ட மறந்தவர்கள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது உறுதி.

"நீங்க பாட்டுக்கு மேல போயி மூச்சு வாங்குவீங்க. கீழ ஒருத்தன் உங்களத் தேடி கதவத் தட்டிக்கிட்டு நிப்பான். அலை வந்தா அவன்தான போவான்? ஒரு முடிச்சு போட வலிக்குதா கை?"

இவ்வளவு பேசுகிறவளின் கதவில் மட்டும் ஒருநாளும் துணி கிடையாது.

காரணம் ஊருக்கே தெரியும். அவள் புருஷன் ஷிகெகாசு இரவு முழுக்கக் கணவாய் மீன் பிடிக்கப் போய்விட்டு விடிந்ததும் வந்து கடைக்குப் பின்னறையில் படுப்பவன். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். கதவைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் "ம்" என்பான். ஒரு விடியற்காலை அவன் படகு மட்டும் எஞ்சின் ஓடிக்கொண்டே கடல் முனைக்கு அப்பால் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் அதில் இல்லை. ஊரே நாள்கணக்கில் தேடியது. தொப்பிகூடக் கிடைக்கவில்லை. அது நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அவனுடைய இன்னொரு ரப்பர் பூட்ஸ் ஜோடி வாசலில் இன்னும் இருக்கிறது. மற்ற செருப்பெல்லாம் தெருவைப் பார்த்திருக்க, அது மட்டும் அப்போதுதான் உள்ளே வந்தவன் கழற்றிப் போட்டதுபோல வீட்டைப் பார்த்திருக்கும்.

அதனால் பயிற்சி நாளில் அவள் கதவு தட்டப்படும். அந்தத் தெருவின் தொண்டர் யூஹெய், மீனவர் கூட்டுறவின் ஐஸ் கிடங்கில் வேலை பார்க்கும் பையன். சின்ன வயதில் அவனுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவன் ஷிகெகாசுதான். யூஹெய் ஹெல்மெட்டோடு வந்து நின்று மூன்று தட்டு தட்டுவான். "ஹட்சுயோ அக்கா" என்று கடமைக்கு ஒரு தடவை கூப்பிடுவான். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஷிகெ அண்ணே, உள்ள இருக்கீங்களா? ஷிகெ அண்ணே" என்பான். எல்லோரும் மேலே போய்விட்டதால் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். குன்றின் மேல் நிற்பவர்களுக்கு அந்தக் குரல் நன்றாகக் கேட்கும். ஹட்சுயோ அந்த நேரம் முற்றத்தின் ஓரத்துக்கு வந்து நிற்பாள். வருடம் முழுக்க அந்தப் பெயரைக் கூப்பிட ஊரில் யாருக்கும் வேலையில்லை. அந்த ஒருநாள் மட்டும் அவன் வீட்டில் இருக்கக்கூடிய மனிதன். அந்தக் குரலைக் கேட்கத்தான் அவள் பயிற்சி நாளுக்குக் காத்திருந்தாள். மேலே யூஹெய் ஆட்களைக் கணக்கெடுக்கும்போது அந்தப் பெயரை விட்டுவிடுவான். கீழே கூப்பிட்டாகிவிட்டதே என்று கணக்கு.

போன இலையுதிர் காலத்தில்தான் கணக்கு இடறியது. முன்பு கணித்ததைவிட அலை சீக்கிரம் வந்துவிடும் என்று நகராட்சியிலிருந்து சொல்லி, தொண்டர்கள் மேலே வந்துசேர வேண்டிய நேரத்தைக் குறைத்திருந்தார்கள். அந்த நேரம் முடிந்தது என்று ஒலிபெருக்கியில் இரண்டாவது சங்கு ஊதியபோது எல்லாத் தொண்டர்களும் முற்றத்தில் இருந்தார்கள். யூஹெய் மட்டும் ஹட்சுயோவின் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பயிற்சிதானே என்று யாரோ சிரித்தார்கள். அவன் மனைவி மினோரி சிரிக்கவில்லை. முதுகில் கட்டிய குழந்தையோடு ஹட்சுயோவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நிஜமா வந்தாலும் இவர் உங்க வாசல்ல நிப்பார். ஷிகெ அண்ணன் பேரச் சொல்லிக் கூப்பிடாம இவரால தாண்டிப் போக முடியாது. எனக்கு இவர் வேணும்க்கா."

மினோரி சொன்னது அவளே நாற்காலியில் உட்காரவைத்து ஊருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அன்று சாயங்காலம் கடையை மூடிவிட்டு, கத்தரிக்கோல் வைக்கும் இழுப்பறையின் அடியிலிருந்து தன் துணியை எடுத்துப் பார்த்தாள். ஒருநாளும் வெயில் படாததால் முதல்முறை போட்ட சாயம் அப்படியே அடர்த்தியாக இருந்தது. கதவுவரை கொண்டுபோனாள். கட்டிவிட்டால் உள்ளே யாரும் இல்லை என்று தன் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும். திரும்ப மடித்து இழுப்பறையில் வைத்தாள். குளிர்காலம் முழுக்க விசில் சத்தம் குறைந்துதான் போயிருந்தது.

இந்த வசந்தத்தில் ஒரு காலை, நாற்காலியில் தொகுஜி உட்கார்ந்திருந்தார். மிச்சமிருக்கும் முடியில் பாதி வெட்டியாகியிருந்தது. முதலில் சீப்புகள் சலசலத்தன. அப்புறம் கண்ணாடி சுவரை விட்டுக் கீழே வந்தது. குலுக்கல் நிற்கவே இல்லை. ஹட்சுயோ கிழவரின் தலைமேல் கவிழ்ந்து, நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, அது ஓயும்வரை அப்படியே கிடந்தாள். ஓய்ந்ததும் தொகுஜி முனகாமல் எழுந்து செருப்பை மாட்டினார்.

"விசில் ஊதலையேம்மா" என்றார்.

"இன்னைக்கு வேண்டாம் பெரியப்பா. நடங்க."

அந்த நேரம் மினோரி குழந்தையோடு தெருவில் ஓடி வந்தாள். ஹட்சுயோ கிழவரின் கையை அவளிடம் பிடித்துக்கொடுத்து, கூட்டிக்கொண்டு போ, பின்னாலேயே வருகிறேன் என்றாள். மினோரி வெறும் கதவை ஒருமுறை பார்த்தாள். கிழவரை இழுத்துக்கொண்டு படியேறினாள்.

இழுப்பறை தரையில் கவிழ்ந்து கிடந்தது. கண்ணாடித் தூளுக்கு நடுவிலிருந்து துணியை எடுத்தாள். பின்னறைத் திரை அசைவில்லாமல் தொங்கியது. அந்தப் பக்கம் போகவில்லை, கூப்பிடவுமில்லை. நாளெல்லாம் ஊராரின் கழுத்தில் துணி கட்டுகிற விரல்களுக்கு அன்று முடிச்சு விழவில்லை. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை பல்லால் கடித்து இறுக்கினாள். வாசலில் கிடந்த பூட்ஸை ஒருமுறை பார்த்தாள், பிறகு படியேறிவிட்டாள்.

அலை படகுத்துறையோடு நின்று ஐஸ் கிடங்கை மட்டும் நனைத்துவிட்டுப் போனது என்பது பிறகு தெரிந்த செய்தி. அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. கோயில் முற்றத்திலிருந்து எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரு நெடுக வெளிறிய மஞ்சள் துணிகள். குன்றடியில் ஒரு கதவில் மட்டும் நல்ல மஞ்சள். யூஹெய் தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தான். முடிதிருத்தும் கடையின் முன்னால் பழக்கத்தில் கால் நின்றுவிட்டது, தட்டுவதற்குக் கையும் உயர்ந்துவிட்டது. துணியைப் பார்த்தான். உயர்த்திய கையை இறக்கினான். பிறகு படிகளை நோக்கி ஓடினான். மினோரி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மேலே வந்ததும் யூஹெய் மூச்சு வாங்கியபடியே கணக்கெடுத்தான். வீடு வீடாகப் பெயர் சொன்னான், ஆட்கள் கையைத் தூக்கினார்கள். பாதித் தலையோடு உட்கார்ந்திருந்த தொகுஜி, பாட்டில் எங்கே என்று கேட்டுக்கொண்டே கையைத் தூக்கினார். முடிதிருத்தும் கடையின் முறை வந்தது. "ஹட்சுயோ அக்கா" என்றான். அவள் கையைத் தூக்கி இறக்கினாள். வழக்கமாக அடுத்த வீட்டுக்குப் போகிறவன் போகவில்லை. இன்று கீழே கூப்பிடாமல் வந்துவிட்டான். தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"ஷிகெ அண்ணே" என்றான்.

ஹட்சுயோ புருஷனுக்காக மறுபடியும் கையைத் தூக்கினாள். யூஹெய் அடுத்த வீட்டுப் பெயரைச் சொல்லும்வரை அந்தக் கை இறங்கவில்லை.