அன்புக்கரசி தட்டிய கதவுகள்

ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்பக்கம், அடையாற்றுக் கரையோரக் குடிசைப் பகுதியில் இருந்தது அன்புக்கரசியின் வீடு. மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. அதையும் சேற்றில் நின்றே கழித்தாள்.

கரையைச் சுத்தம் செய்து, உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரக்கன்று நட வந்த தன்னார்வலர்களை முதலில் அவள் வேடிக்கைதான் பார்த்தாள். நட்டதெல்லாம் இரண்டு முறை அழுகிப்போனது. மூன்றாவது முறை அவளே இறங்கி, கடலிலிருந்து ஏறிவந்த தண்ணீர் வடிந்த பிறகும் எங்கே தேங்கும், எங்கே தேங்காது என்று கம்பு ஊன்றிக் காட்டினாள். அவள் காட்டிய மேட்டில் நட்டவை பிழைத்தன. குழுவை நடத்திய ஜெயஸ்ரீ கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர். அன்றிலிருந்து எதையும் இவளைக் கேட்டுத்தான் செய்தார். கன்றுகள் இடுப்பளவு வந்ததும் நண்டுகள் வளை தோண்டத் தொடங்கின. நண்டைத் தேடிக் கொக்குகள் வந்தன. தான் வளர்த்த பிள்ளைகளைப் பார்ப்பதுபோல அன்புக்கரசி அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பிறகு ஜெயஸ்ரீ ஒரு யோசனை சொன்னார். எந்தெந்த வீட்டுச் சாக்கடை ஆற்றில் கலக்கிறது என்று கணக்கெடுத்து வரைபடத்தோடு கொடுத்தால், அதிகாரிகள் கழிவுநீர்க் குழாய் போட்டுத் தருவார்கள் என்றார். வெளி ஆட்கள் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள் என்பதால், அன்புக்கரசியே வீடு வீடாகப் போனாள். பக்கத்து வீட்டு முனியம்மாள் மட்டும் தயங்கினாள்.

"எதுக்குடி எழுதிக்கினு போறாங்க?"

"லைன் போடத்தான்க்கா. நான் கீறேன்ல, சொல்லு."

முனியம்மாள் சொன்னாள். மொத்தம் எழுபத்துநாலு வீடுகள்.

எட்டு மாதம் கழித்து அதிகாரிகள் வந்தார்கள். கையில் அதே வரைபடம். வீடுகள் ஆற்றை ஆக்கிரமித்திருக்கின்றன என்று சொல்லி, எல்லோரையும் ஊருக்கு வெளியே வெகுதூரம் தள்ளியிருந்த பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். ஜெயஸ்ரீ மனுமேல் மனு போட்டார், அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் போனில் அழுதார். அன்புக்கரசிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. "அவங்க எழுதினாங்க. கதவத் தட்டினது நான்தானே" என்று கணவன் துரைராஜிடம் சொன்னாள்.

அங்கிருந்து பஸ்ஸில் போய்வர நேரம் போதாமல் முனியம்மாள் அதுவரை பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டாள். ஆற்றில் வலை வீசிக்கொண்டிருந்த அவள் புருஷன் சின்னப்பையன் இப்போது ஒரு கட்டடத்துக்குக் காவல் இருக்கிறார். ஒரே பிளாக்கில் இருந்தும் அன்புக்கரசி அந்தப் பக்கம் போகவே இல்லை. அஞ்சு மாதம் கழித்துத்தான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு படியேறினாள்.

"எம்மேல கோவமாக்கா?"

முனியம்மாள் டீ போட்டுக் கொடுத்தாள்.

"வேற யாரு வந்து கேட்டிருந்தாலும் தொரத்தியிருப்பேன்டி" என்றாள் பிறகு. "நீ கேட்டியேன்னுதான் சொன்னேன்."

அன்புக்கரசி டீயைக் குடித்துவிட்டு இறங்கி வந்தாள்.

அலையாத்தி இப்போது ஆள் உயரம் இருக்கிறதாம். வந்து பாருங்கள் என்று ஜெயஸ்ரீ இன்னும் கூப்பிடுகிறார். அவளுக்கும் பார்க்க ஆசைதான். முனியம்மாளிடம் சொல்லாமல் போக மனசு ஒப்பவில்லை. சொல்ல வாயும் வரவில்லை.