சிரிப்பக்காவின் காதும் புளூடூத்தும்

குடிநீர்ப் புகார்ப் பிரிவில் எனக்கு அடுத்த நாற்காலி சிரிப்பக்காவுடையது. போனில் யார் எவ்வளவு கத்தினாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்; அதனால் அந்தப் பெயர். வாய் பேசும்போதே கை புகாரைத் தட்டிக்கொண்டிருக்கும். வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பது அலுவலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சின்ன வயதுக் காய்ச்சல் செய்த வேலை. முடிக்குள் மறைகிற மாதிரி இரண்டு காதிலும் கேட்கும் கருவி. வீட்டுக்காரர் தன் வேனை விற்று வாங்கிக் கொடுத்தது. கணினிக்கு வரும் அழைப்பு புளூடூத் வழியாக நேரே கருவிக்குள் போகும். மேலே மாட்டியிருந்த ஹெட்செட் சும்மா ஒப்புக்கு. வேலைக்குச் சேரும்போது எந்தக் குறையும் இல்லை என்றே சொல்லியிருந்தார். வேறென்ன செய்வார்? உண்மையைச் சொன்ன இடங்களிலெல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான், மக்களின் விவரங்களைப் புளூடூத்தில் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டான். செய்தது அவன், விடிந்தது எங்கள் எல்லோர் தலையிலும். கணினிப் பிரிவுத் தம்பியை நாங்கள் 'பூட்டு' என்போம். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. இருந்த இடத்திலிருந்தே எல்லாக் கணினிகளின் அமைப்பையும் மாற்றினார். மறுநாள் அத்தனை கணினிகளிலும் புளூடூத் செத்துக் கிடந்தது. திரையில் அதன் பொத்தானைத் தொட்டால் அசையவே இல்லை.

"பூட்டுகிட்ட சொல்லுக்கா. உன் மிஷினை மட்டும் விட்டுடுவாரு."

"மேனேஜர் கையெழுத்து வேணும்டி. எதுக்குன்னு கேப்பாங்க. நான் மறைச்சது தெரிஞ்சா வேலை போயிடும். அப்புறம் வீட்ல அடுப்பு எரியாது."

ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தால் இரைச்சல்தான் வந்தது. ஆனாலும் அக்கா சமாளித்தார். எங்களுக்கு வரும் புகாரில் முக்கால்வாசி ஒன்றுதான்: தண்ணீர் வரவில்லை. கூப்பிடுகிறவரின் முகவரி திரையிலேயே வந்துவிடும். இரைச்சல் நின்றதும், "கவலைப்படாதீங்க, சாயங்காலத்துக்குள்ள வந்துடும்" என்பார். எப்படியோ அந்த வாரம் ஓடிவிட்டது.

திங்கட்கிழமை மேலாளர் பிரிவு முழுவதையும் அறைக்குக் கூப்பிட்டார். எழுத்தில் ஒரு புகார் வந்திருந்ததாம். பூட்டு அந்த அழைப்பின் பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டார்.

ஒரு ஆணின் குரல், அழுது அடைத்துப்போயிருந்தது. "எங்க அம்மா தவறிட்டாங்கம்மா. தண்ணி இணைப்பு அவங்க பேர்ல இருக்கு. அதை மாத்தணும்..."

அடுத்து அக்காவின் குரல், வழக்கமான சிரிப்போடு. "கவலைப்படாதீங்க, சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பூட்டு தரையைப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டியது. புளூடூத் இல்லையென்றால், நேரில் உதடு பார்த்தால்தான் அக்காவுக்குப் பேச்சு புரியும். ஸ்பீக்கருக்கு ஏது உதடு? அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என் குரல் மாதிரி இருக்கே," என்றார் சிரித்தபடி. "நல்லாத்தானே பேசியிருக்கேன், சார்?"